வெளிநாட்டில் இறந்தவரை மலையகத்து வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி

இலங்கையின் மலையகத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன ஒருவர் அங்கே இறந்துவிட்டால், உடலைக் கொண்டுவரும் வேலை இரண்டு இடங்களில் நடக்கும். ஒன்று அந்த நாட்டில்: ஆஸ்பத்திரி, பொலிஸ், முதலாளி, நமது தூதரகம். அதில் குடும்பத்தால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. மற்றது இங்கே: கிராம உத்தியோகத்தரில் தொடங்கி பிரதேச செயலகம், கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பத்தரமுல்லை என்று ஓடுகிற கடதாசி வேலை. இது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கக் குடும்பங்களுக்கு மனு எழுதிக்கொடுத்து, கூடவே அலைந்து நான் பார்த்தவரைக்கும், தாமதத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலையில்தான் வருகிறது. அங்கே எல்லாம் தயாராகியிருக்கும். இங்கிருந்து போகவேண்டிய ஒரு கையெழுத்துக்காக உடல் பிரேத அறையில் கிடக்கும். அதனால் நாம் செய்யவேண்டியதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில், செய்தி உண்மையா?

செய்தி பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதே நாட்டில் வேலை செய்யும் யாராவது ஒரு பெண் அழுதுகொண்டே அனுப்பிய குரல் செய்தியாக இருக்கும். சில நேரம், ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஊர் சப் ஏஜென்ட் வந்து சொல்வார். எப்படி வந்தாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து உறுதிப்படுத்துங்கள். இரவிலும் எடுக்கலாம். பேசும்போது இறந்தவரின் முழுப் பெயர், பாஸ்போர்ட் இலக்கம், நாடு, நகரம், முதலாளியின் பெயரும் போன் இலக்கமும், எந்த ஏஜென்சி மூலம் போனார் என்பதெல்லாம் கையில் இருக்கவேண்டும். பாஸ்போர்ட் பிரதி வீட்டில் இல்லை என்றால் பழைய வட்ஸ்அப் படங்களைத் தேடுங்கள். இக்காமாவையோ (அந்த நாட்டு வதிவிட அட்டை) விசாவையோ படம் பிடித்து எப்போதாவது அனுப்பியிருப்பார்.

உறுதியாகும்வரை யாருக்கும் காசு அனுப்பவேண்டாம். “பொடியை அனுப்ப இவ்வளவு கட்டவேண்டும், உடனே போடுங்க” என்று முன்பின் தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பு ஏமாற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். முகநூலில் படம் போடுவதையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளை தன் அம்மா இறந்ததைப் பக்கத்துப் பையனின் போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் அன்றே செய்துவிடுங்கள். இறந்தவர் கடைசியாக அனுப்பிய குரல் செய்திகள், படங்கள், சம்பளம் அனுப்பிய ரசீதுகள் எல்லாவற்றையும் இன்னொரு போனுக்கும் மாற்றி வையுங்கள். மரணத்தில் சந்தேகம் இருந்தாலும் சரி, பாக்கிச் சம்பளம் கேட்பதானாலும் சரி, பிறகு இவைதான் சாட்சி.

யாரிடம் போகவேண்டும்

பத்தரமுல்லையில் இரண்டு அலுவலகங்கள் முக்கியம். ஒன்று கொஸ்வத்தையில் உள்ள வேலைவாய்ப்புப் பணியகம். மற்றது சுஹுருபாய கட்டடத்தில் உள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, வெளிநாட்டிலுள்ள நம்மவர்களின் விஷயங்களைப் பார்ப்பது. பணியகத்தில் பதிந்து போனவர் என்றால் இரண்டுக்கும் சொல்லவேண்டும். விசிட் விசாவிலோ வேறு வழியிலோ பதியாமல் போனவர் என்றால் கொன்சியூலர் பிரிவுதான் வழி. பதியாமல் போனவர் என்பதற்காகத் தூதரகம் கைவிட்டுவிடாது. இறந்தவர் இலங்கைப் பிரஜை, அது போதும். “கள்ளமா போனவங்களுக்கு ஒன்றும் செய்யமாட்டாங்க” என்று ஊரில் சொல்வதைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். 2013 முதல் சில வருடங்கள், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுப் பணிக்குப் போக முடியாதபடி குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்திலிருந்து பதியாமல் போன பெண்கள் கொஞ்சநஞ்சமல்ல. அலுவலகங்களுக்கும் இது தெரியும்.

ஆனால் முதல் நாளே பத்தரமுல்லைக்குப் பஸ் ஏறவேண்டாம். முதலில் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்று ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். என்னென்ன கடதாசி தேவை என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, சேர்த்து எடுத்துக்கொண்டு போனால் ஒரே நாளில் இரண்டு அலுவலகங்களையும் முடிக்கலாம். வெறுங்கையோடு போனால் திரும்பவும் போகவேண்டிவரும். தோட்டத்துக் குடும்பத்துக்கு அந்த இரண்டாவது பயணம் என்பது பஸ் காசும் இன்னொரு நாள் பேரும், அதாவது ஒரு நாள் கூலியும். வெளிவிவகார அமைச்சுக்குக் கண்டியிலும் ஒரு பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் உண்டு. உங்கள் வேலையை அங்கேயே முடிக்கலாமா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தமிழில் பேசுவதற்குத் தயங்கவேண்டாம். மனுவைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனாலும் கவுண்டரில் நேரம் மிச்சமாக, சிங்களம் நன்றாகப் பேசக்கூடிய ஒரு பெடியனைக் கூட்டிப்போவது நல்லது.

தோட்டத் தலைவர், தொழிற்சங்கக் காரியாலயம், பிரதேச சபை உறுப்பினர் எல்லோரும் உதவ வருவார்கள். வரட்டும். ஆனால் ஐந்து பேர் ஐந்து பக்கமிருந்து போன் எடுத்தால் அதிகாரி யாருக்குப் பதில் சொல்வது? குடும்பத்தில் ஒருவரைப் பொறுப்பாக நிறுத்துங்கள். அவருடைய இலக்கத்தை மட்டும் எல்லா இடத்திலும் கொடுங்கள். போன் எப்போதும் சிக்னல் உள்ள இடத்தில் இருக்கட்டும். சில லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏறவேண்டும். தூதரகத்திலிருந்து வந்த அழைப்பு அதனாலேயே தவறிப்போவதும் உண்டு.

கையெழுத்து யாருடையது

உடலை என்ன செய்வது என்று எழுத்தில் சொல்லவேண்டியவர் நெருங்கிய உறவினர். மணமானவர் என்றால் கணவன் அல்லது மனைவி. அவர் இல்லையென்றால் 18 வயது நிறைந்த பிள்ளைகள், பெற்றோர், சகோதரர் என்று வரும். சொல்ல எளிது, வீட்டில் இது எளிதாக இருப்பதில்லை. கணவன் விட்டுப்போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். சட்டப்படி பிரியாததால் கடதாசியில் அவர்தான் கணவன். அல்லது கோயிலில் தாலி கட்டிச் சேர்ந்து வாழ்ந்திருப்பார்கள், விவாகப் பதிவு இருக்காது. இப்படியானால் மறைக்காமல் கிராம உத்தியோகத்தரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் தரும் உறவுமுறைக் கடிதமும், பிரதேச செயலாளரின் மேலொப்பமும், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியும் சேர்ந்தால் பெரும்பாலும் வழி பிறக்கும். கணவனும் பெற்றோரும் ஆளுக்கொரு கடிதம் அனுப்பினால் மட்டும் காரியம் கெட்டுவிடும். உரிமைக்காரர் யார் என்று முடிவாகும்வரை தூதரகம் உடலை நகர்த்தாது. சண்டை இருந்தால் அதைக் காடாத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மதக் கடிதத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கவேண்டும்: இறந்தவரின் பெயரும் பாஸ்போர்ட் இலக்கமும், எழுதுபவர் என்ன உறவு என்பது, உடலை இலங்கைக்கு அனுப்பவேண்டும் என்ற வேண்டுகோள், கட்டுநாயக்க விமான நிலையத்தில் உடலைப் பொறுப்பேற்பவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். இதோடு பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளும் போகும். சில நாடுகளில் தூதரக அதிகாரிக்கோ அங்குள்ள வேறொருவருக்கோ அற்றோர்னி தத்துவமும் (நமக்காகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும். அதை நொத்தாரிசு முடித்தபிறகு கொன்சியூலர் பிரிவு அத்தாட்சிப்படுத்தவேண்டும். கேட்டார்களா இல்லையா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் தெரியவந்தால் அதற்கென்று இன்னொரு வாரம் போகும்.

“அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம்” என்ற கடிதத்தில் குடும்பம் தெரியாமல் கையெழுத்து வைத்துவிடுவதும் நடக்கிறது. கொண்டுவரும் செலவைத் தவிர்க்க நினைக்கிற முதலாளியின் ஆளோ, ஏஜென்சிக்காரரோ, வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு கடதாசியை நீட்டுவார். “இதுல ஒரு ஒப்பம் வையுங்க அம்மா, பொடி சீக்கிரம் வரும்” என்பார். வாசித்துப் புரிந்துகொள்ளாத எந்தக் கடதாசியிலும் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். வெற்றுக் கடதாசியில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கையெழுத்து வைத்த ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே அங்கே அடக்கம் செய்ய விரும்பும் குடும்பங்களும் உண்டு. அதில் தப்பு எதுவும் இல்லை. முஸ்லிம் குடும்பங்கள் பல அதைத்தான் கேட்கின்றன. சவூதியில் தகனத்துக்கு அனுமதி கிடையாது, முஸ்லிம் அல்லாதவரை அடக்கம் செய்யும் இடங்களும் மிகக் குறைவு. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் சரி.

பெயர் ஒத்துப்போகாவிட்டால்

மலையகத்தில் நூற்றுக்கு எத்தனை வீட்டில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறது? பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் காதால் கேட்டதை எழுதியிருப்பார். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். ஏஜென்ட் பாஸ்போர்ட் எடுத்தபோது அப்பாவின் பெயரை முன்னே போட்டு, கணவன் பெயரைப் பின்னே சேர்த்திருப்பார். இப்படி ஒரே பெண் பிறப்புச் சான்றிதழில் புஸ்பம், அடையாள அட்டையில் கருப்பையா புஷ்பலதா, பாஸ்போர்ட்டில் கறுப்பையா புஷ்பலதா சிவகுமார் என்று மூன்று பேராக நிற்பார். ஊருக்கு அவர் புஷ்பாக்கா. கடதாசிக்கு மூன்று பேர்.

அந்த நாட்டின் ஆவணங்கள் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்தான் இருக்கும். அதனால் இங்கிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். மற்றப் பெயர்களும் இவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கூடவே வையுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தை வாங்கியவுடன் அவருடைய மேசை முன்னாலேயே நின்று பெயரையும் இலக்கத்தையும் சரிபாருங்கள். ஒரு எழுத்துப் பிழை என்றாலும் கூச்சப்படாமல் திருத்தி வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபிறகு கண்டுபிடித்தால் இன்னொரு நாள் வீண்.

இதைவிடச் சிக்கல், ஏஜென்ட் வயதைக் கூட்டியோ வேறொருவரின் சான்றிதழை வைத்தோ பாஸ்போர்ட் எடுத்திருப்பது. குடும்பம் பயந்து மறைக்கும். மறைத்தால் உடல் வேறு பெயரில் வந்து, மரணச் சான்றிதழும் வேறு பெயரில் ஆகி, பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய காசு எதுவும் சேராமல் போகும். கொன்சியூலர் அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் இதை முதல்முறையாகக் கேட்கப்போவதில்லை.

செலவு யார் தலையில்

வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். தொழிலாளி இறந்தால் உடலை நாட்டுக்கு அனுப்பும் செலவை முதலாளி ஏற்கவேண்டும் என்ற வாசகம் பொதுவாக இருக்கும். சவூதியின் தொழில் சட்டத்திலும் 40ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வீட்டுப் பணியாளர்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அதனால் அவர்களுக்கு முதலில் பார்க்கவேண்டியது ஒப்பந்தம். ஒப்பந்தப் பிரதி வீட்டில் இல்லை என்றால் ஏஜென்சியிடமும் பணியகத்திடமும் கேளுங்கள்.

முதலாளி மறுத்தால் தூதரகம் அவரோடு பேசும். இறந்தவர் அந்த வீட்டை விட்டு ஓடிப்போய் வெளியே வேலை செய்தவர், அதாவது ஓடிப்போனார் என்று ஸ்பொன்சர் ‘ஹுரூப்’ முறைப்பாடு கொடுத்தவர் என்றால் இழுபறி கூடும். பணியகப் பதிவு செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் பணியகமும் காப்புறுதியும் உதவிக்கு வரும். இங்கே ஒரு குறிப்பு: பதிவும் காப்புறுதியும் ஒருமுறை செய்தால் ஆயுள் முழுக்க நிற்பதில்லை. ஒப்பந்தம் முடிந்தபிறகு புதுப்பிக்காமல் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தவருக்கு அந்த உரிமை இல்லாமல் போகலாம். முதலில் பாஸ்போர்ட் இலக்கத்தைக் கொடுத்துப் பதிவின் நிலையைக் கேளுங்கள்.

யாரும் தராத நிலையில் குடும்பம் செலவை ஏற்கவேண்டி வந்தால், காசைக் கொன்சியூலர் பிரிவு சொல்லும் முறையில் கட்டி ரசீது வாங்குங்கள். சப் ஏஜென்ட் கையில் கொடுக்கவேண்டாம். நுண்கடன் கம்பெனியிடமோ வட்டிக்காரரிடமோ ஓடுவதற்கு முன்னால், அந்த நாட்டில் உள்ள நம்மவர்கள் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பலமுறை அப்படித்தான் நடந்திருக்கிறது. அந்தக் காசையும் தூதரகம் வழியாகவே செலுத்தச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் ஆகும்

மாரடைப்பு, நோய் என்று ஆஸ்பத்திரியில் நடந்த மரணம் என்றால் வாரக்கணக்கு. விபத்து, தற்கொலை, கொலை, காரணம் தெரியாத மரணம் என்றால் அந்த நாட்டுப் பொலிசும் வழக்குத் தொடுநர் அலுவலகமும் விசாரணை முடித்து உடலை விடுவிக்கவேண்டும். அது மாதக்கணக்காகலாம். உடல் கிளம்புவதற்கு அந்த நாட்டு மரணச் சான்றிதழ், பொலிஸ் அனுமதி, உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், தொற்றுநோய் இல்லை என்ற சான்றிதழ், தூதரகத்தின் ஆட்சேபனையின்மைக் கடிதம், இரத்துச் செய்யப்பட்ட பாஸ்போர்ட், விமானச் சரக்குச் சீட்டு இவ்வளவும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சவூதியிலும் குவைத்திலும் வெள்ளி, சனி விடுமுறை. இங்கே சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் அலுவலகம் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். அதிலும் இங்கே போயா தினம், அங்கே நோன்பு, ஹஜ் விடுமுறை. நேரமும் அங்கே நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். வியாழன் பகலுக்குள் அனுப்ப முடிந்த கடதாசியைத் திங்களுக்குத் தள்ளினால் நான்கு நாள் போய்விடும். சவூதி என்றால் எந்த அலுவலகம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ரியாத், தம்மாம் பக்கம் ரியாத் தூதரகத்துக்கும், ஜித்தா, மக்கா, மதீனா பக்கம் ஜித்தாவில் உள்ள துணைத் தூதரகத்துக்கும் வரும்.

இந்தியாவுக்கு யாத்திரையோ வைத்தியமோ என்று போன இடத்தில் இறந்தவர்கள் விஷயம் இதைவிடச் சீக்கிரம் முடியும். தமிழ்நாட்டில் என்றால் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தோடு பேசுங்கள். உள்ளூர்ப் பொலிஸ் அனுமதி, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் அனுமதி, பதப்படுத்திய சான்றிதழ் ஆகியவை வேண்டும். அங்கே முதலாளி என்று யாரும் இல்லாததால் செலவு குடும்பத்துக்குத்தான்.

காத்திருக்கிற வீடு

செய்தி வந்த அன்றே டென்ட் அடித்து, வெள்ளைக் கொடி கட்டி, மரண உதவிச் சங்கத்துக் கதிரைகளை இறக்கிவிடுவது நம் பழக்கம். உடல் வீட்டில் இருக்கும் சாவுக்கு அது சரி. இங்கே உடல் வர இன்னும் எத்தனை நாள் என்றே தெரியாது. ஒவ்வொரு இரவும் லயத்துக்கு ஆள் வரும். தேயிலை, சீனி, பிஸ்கட், வெற்றிலை, கரம் போர்ட், விடியும்வரை லைட். பத்து நாள் போனால் சாவுக்கு வைத்த காசு காலி, உடல் வரும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி, விமானத்தில் ஏற்றியாயிற்று என்று தூதரகம் உறுதிசெய்து, விமான இலக்கமும் சரக்குச் சீட்டு இலக்கமும் கைக்கு வந்தபிறகு டென்ட் அடியுங்கள். அதுவரை நெருங்கிய சொந்தம் மட்டும் வந்துபோகட்டும். அடக்கத் திகதி போட்டு நோட்டீஸ் அடிப்பதும் அப்படித்தான். கடைசி நேரத்தில் விமானம் மாறியதால் இரண்டு தரம் நோட்டீஸ் அடித்த வீடுகள் உண்டு.

இந்த இடைவெளியில் செய்ய வேறு வேலை இருக்கிறது. தோட்டத்துத் துரைக்கு, அதாவது மனேஜருக்கு, ஒரு கடிதம் கொடுங்கள். மயானத்தில் இடம், கடைசித் தூரத்துக்கு லொறி அல்லது டிராக்டர், அன்றைக்கு ஆட்களுக்கு லீவு, மூன்றையும் அதிலேயே கேளுங்கள். இறந்தவர் செக்ரோலில் (தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு) பெயர் இல்லாதவர் என்று பெரிய கிளாக்கர் இழுத்தாலும், தலைவர் கூட நின்று பேசினால் பொதுவாக மறுக்கமாட்டார்கள்.

கட்டுநாயக்கவில்

உடல் வருவது பயணிகள் வெளியே வரும் வாசலுக்கு அல்ல. சரக்கு முனையத்துக்கு, எல்லோரும் சொல்வதுபோல் கார்கோவுக்கு. பொறுப்பேற்பவராகக் கடிதத்தில் பெயர் உள்ளவர் அசல் அடையாள அட்டையோடு நேரில் போகவேண்டும். கூட இரண்டு மூன்று பேர் போதும். வயதான அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப்போகவேண்டாம். விமானம் இறங்கியவுடன் கொடுத்துவிடமாட்டார்கள். சுகாதார அதிகாரியின் அனுமதி, சுங்கம், கையாளும் கட்டணம் என்று கவுண்டர் கவுண்டராகப் போகவேண்டியிருக்கும், பல மணித்தியாலம் ஆகும். கையில் கொஞ்சம் ரொக்கம், எல்லாக் கடதாசியிலும் இரண்டிரண்டு போட்டோ பிரதி, ஒரு பேனா இருக்கட்டும். விமான நிலையத்தில் வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு ஓர் அலுவலகம் உண்டு. பதிந்து போனவர் என்றால் அங்கே சொல்லி, வீடுவரை வாகனம் தருவார்களா, மரணச் செலவுக்கு ஏதும் உண்டா என்று கேளுங்கள். கேட்காமல் தானாக வராது.

கையெழுத்து வைக்கும் முன் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பெயரும் பாஸ்போர்ட் இலக்கமும் உங்கள் கையில் உள்ளதோடு ஒத்துப்போகவேண்டும். அழுதுகொண்டிருப்பவர் இதைச் செய்யமாட்டார். அதற்காகவே கொஞ்சம் தள்ளிய சொந்தம் ஒருவர், மாமா முறையோ மச்சான் முறையோ, கூட இருக்கவேண்டும். இறந்தவரின் பயணப்பெட்டி, போன், நகை எல்லாம் உடலோடு வராது. அதற்குத் தனிப் பட்டியல் தூதரகத்தில் இருக்கும், பிறகு கேட்டு வாங்கவேண்டும்.

பெட்டியைப் பற்றி ஒன்று. உள்ளே தகரம் வைத்து மூடி ஒட்டிய பெட்டி, அதற்கு வெளியே மரச்சட்டம். ஊரில் மலர்ச்சாலையில் (சவப்பெட்டிக் கடையில்) வாங்கும் பெட்டியைவிட நீளம், அகலம், பாரம் எல்லாம் அதிகம். சின்ன வேனில் ஏறாது. லயத்துக் காம்பிராவின் வாசலில் திருப்பவும் முடியாது. இதைத் தெரியாமல் நேரே வீட்டுக்குக் கொண்டுபோய், இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) இறக்கிவைத்து, தகரத்தை வெட்ட ஆள் தேடி ஓடிய வீடுகள் பல. பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தகரம் வெட்டுகிற சத்தம் கேட்கவே கூடாத சத்தம். வெளிநாட்டுப் பெட்டிகளைத் திறந்து பழக்கமுள்ள மலர்ச்சாலைக்காரரோடு முன்பே பேசி, வழியில் அவருடைய இடத்தில் திறந்து, உடலைச் சாதாரணப் பெட்டிக்கு மாற்றி, சேலை கட்டி, முகத்தைச் சரிசெய்து கொண்டுபோங்கள். முகம் பார்க்கும் நிலையில் இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இல்லையென்றால் வீட்டுக்குப் போன் எடுத்து முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஆனால் மரணத்தில் சந்தேகம் இருந்தால் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம், மலை ஏற்றவும் வேண்டாம். உடல் வருமுன்னரே எழுத்தில் பொலிசுக்கும் கொன்சியூலர் பிரிவுக்கும் சொல்லிவையுங்கள். நீதவானின் உத்தரவு பெற்றால் சட்ட வைத்திய அதிகாரி இங்கே மறுபடியும் பிரேத பரிசோதனை செய்வார். கட்டுநாயக்கவில் இறங்கும் உடல்களுக்குப் பெரும்பாலும் நீர்கொழும்பு ஆஸ்பத்திரியில் அது நடக்கும். ஊருக்குக் கொண்டுபோய், அங்கே உடம்பில் காயத்தைப் பார்த்தபிறகு முறைப்பாடு செய்தாலும் ஏற்பார்கள்தான். ஆனால் அலைச்சல் இரட்டிப்பு.

மலை ஏறும் வழி

ஹட்டன் பக்கத்துக்கு அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழி. நுவரெலியாவுக்குக் கண்டி, கம்பளை, ரம்பொடை. பதுளை, பண்டாரவளைக்கு இரத்தினபுரி, பெரகல. எந்தப் பக்கம் போனாலும் நான்கைந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. தென்மேல் மழைக் காலத்தில் மண்சரிவு, மூடுபனி பார்த்துக் கிளம்பவேண்டும். இரவில் ஏறுவதைவிட, மலர்ச்சாலையில் விடியும்வரை வைத்துக் காலையில் ஏறுவது நல்லது. கொழும்புப் பக்கத்து டிரைவர் என்றால் தார் ரோட்டோடு அவர் வேலை முடியும். பெக்டரி வரைதான் வருவார், அதற்குமேல் வண்டி ஏறாது என்பார். பேசும்போதே எந்த இடம்வரை என்று தெளிவாகப் பேசுங்கள். அங்கிருந்து தோட்டத்து லொறி.

பதப்படுத்திய உடலைக் குளிப்பாட்டவேண்டாம். தண்ணீரைத் தெளித்து, கோடி போட்டுச் சடங்கை முடிக்கலாம். பூசாரியிடம் முன்பே சொன்னால் புரிந்துகொள்வார். வீட்டில் ஒரு இரவுக்கு மேல் வைக்காமல் இருப்பதே நல்லது, காத்திருந்து காத்திருந்து ஊர் களைத்திருக்கும்.

புதைப்பதா எரிப்பதா என்பதில் குடும்ப வழக்கப்படி செய்யுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: வழக்கு, விசாரணை, சந்தேகம் எதுவும் மிச்சமிருந்தால் புதையுங்கள். தேவைப்பட்டால் நீதிமன்ற உத்தரவோடு மறுபடியும் தோண்டிப் பார்க்கலாம். எரித்துவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது.

காரியம் முடிந்தபிறகு

கருமாதி முடிந்தவுடன் வீடு ஓய்ந்துவிடும். கடதாசியை ஒரு பையில் போட்டுக் கூரைக்கு அடியில் செருகிவிடுவார்கள். ஆனால் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

வளைகுடா நாடுகளின் மரணச் சான்றிதழ் அரபியில் இருக்கும். தூதரகத்தில் மரணத்தைப் பதிந்து இலங்கை மரணச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம். உடல் கிளம்புவதற்கு முன்பே அதைக் கேட்டுவிட்டால் பிறகு அலையவேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் அது தேவை: காப்புறுதி, வங்கி, பிள்ளைகளின் பள்ளிக்கூட உதவி, எல்லாம்.

கேட்கவேண்டிய காசு என்னென்ன? பாக்கிச் சம்பளமும் சேவைக்காலப் பணமும் முதலாளியிடமிருந்து தூதரகம் வழியாக வரவேண்டும். பணியகக் காப்புறுதியில் மரண இழப்பீடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், விண்ணப்பத்தைத் தள்ளிப்போடக் கூடாது. விபத்தில் இறந்தவர் என்றால் அந்த நாட்டில் தனியாக நட்டஈடு வழக்கும் இருக்கலாம். இவையெல்லாம் சட்டபூர்வ வாரிசுகளுக்குத்தான் போகும். வாரிசு யார் என்ற கேள்வியில் பழைய விவாகப் பதிவுச் சண்டை மறுபடியும் தலைதூக்கும். பிள்ளைகள் 18க்குக் குறைந்தவர்கள் என்றால் அவர்களுடைய பங்கை அவர்கள் பெயரிலேயே வங்கியில் போடும்படி எழுத்தில் கேளுங்கள். கணவன் வேறு குடும்பமாகிவிட்டார் என்றால் இது இன்னும் அவசியம்.

மலையகத்தில் பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. வெளிநாடு போகுமுன் அவர் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்திருந்தால், ஈபிஎப்பும் (ஊழியர் சேமலாப நிதி) ஈடிஎப்பும் (ஊழியர் நம்பிக்கை நிதி) அப்படியே கிடக்கும். சில பேர் போகும்போது எடுத்திருப்பார்கள், பலர் எடுக்கவில்லை. மரணச் சான்றிதழ், அங்கத்துவ இலக்கம், பின்னுரித்தாளரின் (தனக்குப்பின் காசு சேரவேண்டும் என்று அவர் பெயர் கொடுத்தவரின்) அடையாள அட்டை இவற்றோடு ஈபிஎப்புக்கு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள், ஈடிஎப்பை எங்கே கேட்பது என்றும் அங்கேயே விசாரியுங்கள். இலக்கம் தெரியாவிட்டால் தோட்டத்துக் காரியாலயத்தில் பழைய செக்ரோலைப் புரட்டி எடுத்துத் தரச் சொல்லலாம். இங்கேயும் பெயர் வேறு மாதிரி எழுதியிருக்கும். உடல் வருவதற்காக முடித்த அந்தச் சத்தியக் கடதாசியின் பிரதியை இதற்கும் கொடுக்கலாம். அதனால் அசலை எந்தக் கவுண்டரிலும் விட்டுவிடாமல் வையுங்கள்.